பேஸ் கிதாருக்கு ஓர் அஞ்சறைப் பெட்டி

தம்பூராவுக்கு யாரும் கைதட்டுவதில்லை. கச்சேரி முழுவதும் அது பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறது. "இன்றைக்குத் தம்பூரா பிரமாதம், ஸார்!" என்று சொல்லிக்கொண்டு சபையை விட்டு வெளியே வந்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் சுருதி ஓர் இழை நழுவட்டும். முன் வரிசையில் செல்போனைத் தடவிக்கொண்டிருக்கிறவர்கூட நிமிர்ந்து உட்காருவார்.

மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார் வாசிக்கிறவனின் கதியும் ஏறக்குறைய இதேதான். பாடகிக்கு மாலை, டிரம்ஸ்காரருக்கு விசில், கீபோர்டுக்காரருக்குப் பொன்னாடை. மேடையின் மூலையில் நீண்ட கழுத்துள்ள வாத்தியத்தை மாட்டிக்கொண்டு நிற்கிறானே ஒரு பையன், அவன் யார் என்று கல்யாணப் பத்திரிகை அடித்தவருக்கே தெரியாது. நான்கு தந்திகள், சாதாரணக் கிதாரின் கீழ்த் தந்திகள் நான்கையும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வைத்தால் எப்படியோ அப்படி. கடைசித் தந்தி வினாடிக்கு 41 தடவைதான் அதிர்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் டபிள் பேஸ் என்ற வாத்தியத்தைத் தூக்கி அலைந்த வாத்தியக்காரர்களிடம் இரக்கப்பட்டோ என்னவோ, அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் 1951-ல் தோளில் மாட்டிக்கொள்ளும்படியான பேஸ் ஒன்றைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். பாரம் குறைந்தது, வாஸ்தவம். கவனிக்கிறவர்கள் தொகை கூடினதாகச் சொல்ல முடியாது.

என் அக்கா பிள்ளை மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறான். பி.காம். கடைசி வருஷம். போன சித்திரையில் ஒரு நாள் குழுத் தலைவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, மிகவும் மரியாதையாகவே, "தம்பி, கீபோர்டுக்காரர் இடது கையாலேயே பேஸைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். மேடையில் இடமும் மிச்சம், சம்பளத்தில் ஓர் ஆளும் மிச்சம். நீ நன்றாகத்தான் வாசிக்கிறாய். ஆனால் கீழே உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கேட்கவில்லையே! ஆவணி முகூர்த்தம் வரையில் பார்ப்போம்" என்றாராம்.

நன்றாக வாசிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் பையன் ஒரு மாதம் உட்கார்ந்து சாதகம் செய்திருப்பான். கேட்கவில்லை என்று சொன்னால் எதைச் சாதகம் செய்வது? அன்று இரவே எனக்கு டெலிபோன் செய்தான். "மாமா, ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், இல்லையா? டியூஷன் சொல்லிக்கொடுத்து 12,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

கதை எழுதுகிறவனுக்குச் சகலமும் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. நிலப் பத்திரம் முதல் நாய்க்கடி வரை என்னிடம்தான் வருவார்கள். ஆனால் இந்த விஷயத்தில் என்னிடம் வந்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. இருபத்தைந்து வருஷங்களுக்கு முன் நானும் இரண்டு வருஷ காலம் மேடையின் மூலையில் நின்றவன்தான். அந்த நாளில் எனக்கு வாய்த்தது, பாதி நேரம் கரகரக்கும் ஒலிபெருக்கி ஒன்று மட்டுமே. அதற்குப் பிறகு இந்தப் பெட்டிகளைப் பற்றிப் படிப்பதும் கேட்பதும் எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. சிலருக்குக் குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி.

இந்தப் பெட்டி இன்னதென்று தெரியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. மின்சாரக் கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில், காலால் மிதித்து இயக்கும்படி ஒரு சிறிய பெட்டியை வைத்தால், தந்தியின் நாதத்தை அது வேறாக்கி அனுப்பும். ஒன்று எதிரொலி கொடுக்கும். ஒன்று கரகரப்பைச் சேர்க்கும். ஒன்று ஒரு வாத்தியத்தை இரண்டு மூன்று போலக் காட்டும். ஜப்பானிய பாஸ் கம்பெனி 1976-ல் முதன்முதலாக வெளியிட்ட பெட்டி இந்த மூன்றாவது ரகம். ஆதியில் ஒவ்வொரு குணத்துக்கும் ஒவ்வொரு பெட்டி வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மின்சாரம், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு கம்பி. ஏழெட்டுச் சேர்ந்தால் வாத்தியக்காரன் காலடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சு மாதிரி ஆகிவிடும். அடுக்களையில் கடுகுக்கு ஒரு டப்பா, சீரகத்துக்கு ஒரு டப்பா என்று அலைவதற்குப் பதிலாக அஞ்சறைப் பெட்டி இருக்கிறதல்லவா, அதுதான் மல்டி எஃபெக்ட்ஸ். தந்தியின் அதிர்வை எண்களாக மாற்றி, உள்ளே இருக்கும் சில்லு அந்த எண்களின் மேல் கணக்குப் போட்டு, மறுபடி சப்தமாக வெளியே அனுப்புகிறது. கடுகும் கணக்குத்தான், சீரகமும் கணக்குத்தான்.

இந்தக் கரகரப்பு இருக்கிறதே, அதன் ஜாதகம் சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவு நிலையம் ஒன்றில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகருடைய பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கிரேடி மார்ட்டின் என்பவர் ஆறு தந்தி பேஸ் ஒன்றில் நடுவே ஒரு சிறு தனி வாசித்தார். அந்த வாத்தியம் இணைந்திருந்த வழியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போயிருந்தது. அதனால் பேஸின் நாதம் கிழிந்த தோலில் அடித்ததுபோல் உறுமலாகப் பதிவாயிற்று. நியாயமாக அதை அழித்துவிட்டு மறுபடி வாசித்திருக்க வேண்டும். கேட்டவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது; அப்படியே விட்டார்கள். 1961-ல் இசைத்தட்டு வெளிவந்து பிரபலமாயிற்று. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கோளாறையே ஆராய்ந்து, வேண்டும்போது வரவழைக்கும்படி ஒரு சிறிய சர்க்யூட் செய்தார். கிப்ஸன் கம்பெனியார் அதை 1962-ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்டோன்' என்ற பெயரில் விற்றார்கள். மூன்று வருஷம் அதைச் சீந்துவாரில்லை. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியின் கீத் ரிச்சர்ட்ஸ் அதை ஒரு பாட்டில் மிதித்தார். பிறகு கடைகளில் தட்டுப்பாடு! அதே வருஷம் பீட்டில்ஸ் கோஷ்டியின் பால் மக்கார்ட்னி தம் பேஸையும் ஒரு பாட்டில் இந்த மாதிரி உறும வைத்தார்.

இன்றைக்கு உலகத்து ஆறு தந்திக் கிதார்காரர்களெல்லாம் சொந்தம் கொண்டாடுகிற கரகரப்பு, பிறந்தது ஒரு பேஸின் வயிற்றில். இந்தக் கதையைப் பையனுக்குச் சொன்னேன். அவனுக்கு ஒரே உற்சாகம். உடனே இன்னொரு கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் மோட்டௌன் என்ற இசைத்தட்டுக் கம்பெனி இருந்தது. அதன் பாட்டுக்களில் பெரும்பாலானவற்றுக்கு 1960-களில் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்ஸன். பெட்டி கிடையாது, பெடல் கிடையாது. வாத்தியத்தின் கம்பியை நேராக ஒலிப்பதிவு மேஜையில் செருகிவிட்டு, வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே மீட்டுவார். தந்திகளை அறுந்தாலொழிய மாற்றமாட்டார். அவருடைய வாசிப்புக்குக் கோடிக்கணக்கான ஜனங்கள் ஆடினார்கள். ஆனால் இசைத்தட்டு உறைகளில் வெகு காலம் அவர் பெயரே இல்லை. 1971-ல் மார்வின் கேயின் ஓர் இசைத்தட்டில்தான் பெயரைப் போட்டார்கள். 1983-ல் காலமாகிவிட்டார். 2000-ல் ராக் இசைக்காரர்களின் கௌரவ மண்டபத்தில் அவரைச் சேர்த்தபோது அவர் இல்லாமல் பதினேழு வருஷம் ஆகியிருந்தது.

"அப்படியானால் பெட்டியே வேண்டாம் என்கிறீர்களா, மாமா?" என்றான் பையன், குரல் இறங்கி.

வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜேமர்ஸனுக்கு அந்த மேஜைக்குப் பின்னால் காது கூர்மையான ஒலிப்பதிவாளர் இருந்தார். நம் பையனுக்கு வாய்ப்பது கல்யாண மண்டபத்துச் சவுண்டு சர்வீஸ்காரர். அவர் நல்ல மனிதர். ஆனால் பாதிக் கச்சேரிக்குப் பந்திக்குப் போய்விடுகிறார்.

ஏன் கேட்கவில்லை என்பதை முதலில் தெரிந்துகொண்டால்தான் எந்தப் பெட்டி என்று தீர்மானிக்க முடியும். பையன் தன் ஒலிபெருக்கியில் கீழ்ச் சப்தத்துக்கான திருகை முழுக்கத் திருப்பி, நடுச் சப்தத்தைப் பாதிக்கு மேல் குறைத்து வைத்திருந்தான். வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வாசிக்கும்போது அது நெய் விட்டதுபோல் இருக்கும்; சந்தேகமில்லை. அதையே சிமெண்டுச் சுவரும் உயர்ந்த கூரையுமாக இருக்கும் மண்டபத்துக்குக் கொண்டுபோனால், கீழ்ச் சப்தம் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு ஒரு பொதுவான 'கும்' என்ற இரைச்சலாக நிற்கும். இன்ன ஸ்வரம் என்று அடையாளம் தெரியாது. கேட்கவில்லை என்று தலைவர் சொன்னது இதைத்தான். சப்தம் போதாமல் இல்லை, முகம் தெரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செல்போனில் இருக்கிற சுண்டைக்காய் அளவு ஸ்பீக்கரால் 41 அதிர்வை எழுப்பவே முடியாது. ஆனாலும் அதில் இளையராஜாவின் 1980-களின் பாட்டு ஒன்றைப் போட்டால் பேஸ் எந்த ஸ்வரத்தில் நடக்கிறது என்று நமக்குத் தெரிகிறதே, எப்படி? தந்தி 41-ல் மட்டும் அதிர்வதில்லை. 82, 124, 165 என்று அதன் மடங்குகளிலும் கூடவே அதிர்கிறது. மேலே உள்ள மடங்குகள் காதில் விழுந்தால் போதும். இல்லாத அடி ஸ்வரத்தை மூளை தானே பூர்த்தி செய்துகொள்கிறது. வாசலில் செருப்பைப் பார்த்தே உள்ளே வந்திருப்பது இன்னார் என்று கண்டுபிடித்துவிடுகிறோமில்லையா, அப்படி. கரகரப்புப் பெட்டி என்ன செய்கிறதென்றால், அலையின் தலையைச் சற்று நறுக்கி, இந்த மேல் மடங்குகளை இன்னும் அதிகமாக்குகிறது. ஆகவே பேஸுக்கு மெல்லிய கரகரப்பு, ரஸிகன் கரகரப்பென்றே உணராத அளவுக்கு, சேர்த்தால் கும்பலில் அதன் முகம் தெரியும்.

இங்கேதான் பேஸ்காரன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சாதாரணக் கிதாருக்கென்று செய்த பெட்டிகளில் பல, தெளிவுக்காக அடிச் சப்தத்தை வேண்டுமென்றே வெட்டிவிடுகின்றன. கிதாரின் கடைசித் தந்தியே 82-ல்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ளது அவர்களுக்குக் குப்பை. நமக்கு அதுதான் சோறு. பேஸுக்கென்று செய்த பெட்டியானால், மாறாத சுத்த நாதத்தையும் கரகரப்பையும் வேண்டிய விகிதத்தில் கலக்க ஒரு வழி வைத்திருப்பார்கள். அந்தக் கலவை இல்லாத பெட்டியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், முதல் பெட்டியாக வாங்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

மே மாதத்தில் பையன் தன் பேஸையும் தூக்கிக்கொண்டு வைகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு வந்து சேர்ந்தான். சொந்த வாத்தியத்தை எடுத்து வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கடையில் கொடுக்கும் பத்து மடங்கு விலையுள்ள வாத்தியத்தில் எந்தப் பெட்டியும் தேவாமிர்தமாகத்தான் இருக்கும்.

கடைப் பையன் கெட்டிக்காரன். பெட்டியை மேஜைமேல் வைத்து, வரிசையாக மிதித்துக் காட்டினான். தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஒன்று. ஆகாய விமானம் இறங்குவதுபோல் ஒன்று. மாதா கோயில் ஆர்கன் போல் ஒன்று. "எல்லாம் இதிலேயே இருக்கிறது, ஸார்!" என்று வேறு சொன்னான். என் மருமகன் கண்களைப் பார்த்தேன். நவராத்திரிக் கொலுவுக்கு வந்த குழந்தையின் கண்கள். அரை மணி அவர்களை விட்டுவிட்டேன். இந்த அரை மணி அவசியம் என்று நினைக்கிறேன். அதைக் கடையில் செலவழிக்காவிட்டால் வீட்டில் ஆறு மாதம் செலவழிக்க நேரும்.

பிறகு, "அந்தத் தண்ணீர்ச் சப்தத்தை வைத்துக்கொள். உன் செல்போனை இந்தத் துவாரத்தில் செருகி, நீங்கள் மேடையில் வாசிக்கிற பாட்டு ஒன்றைப் போட்டு, கூடவே வாசி" என்றேன். பாட்டு தொடங்கியது. தண்ணீருக்குள்ளிருந்து எழுந்த நாதம் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டது. ஆகாய விமானமும் அப்படியே. எல்லா விசேஷங்களையும் அணைத்துவிட்டு, நடுச் சப்தத்தை 500, 800 பக்கத்தில் கொஞ்சம் உயர்த்தி, லேசான கரகரப்பைக் கால் பங்கு கலந்து வாசிக்கச் சொன்னேன். தனியாகக் கேட்டால் அது அழகான சப்தமே அல்ல. மூக்கால் பேசுகிறவர் மாதிரி இருந்தது. பாட்டோடு சேர்ந்தவுடன் ஒவ்வொரு ஸ்வரமும் எழுந்து நின்றது. கடைப் பையன், "அட!" என்றான்.

இரண்டு பெட்டிகள் கடைசி வரையில் போட்டியில் நின்றன. ஒன்று பாஸ் கம்பெனியின் ஜிடி-1பி. வலது பக்கத்தில் பாதத்தால் மேலும் கீழும் அசைக்கும் பலகை உண்டு. கம்ப்யூட்டரோடு இணைத்து நேராகப் பாட்டைப் பதிவு செய்துகொள்ளலாம். மற்றது ஜூம் கம்பெனியின் பி1 ஃபோர். அரைக் கிலோகூட இல்லை. மிதிக்க இரண்டே கட்டைகள். ஏககாலத்தில் ஐந்து குணங்களைச் சேர்க்கலாம். நான் அஞ்சறைப் பெட்டி என்றது இதற்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். பதிவு செய்யும் வசதி இல்லை. ஆனால் உள்ளேயே தாளக் கட்டுகள் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. காதுக் கருவியை மாட்டிக்கொண்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, அக்காவின் தூக்கத்துக்குப் பங்கமில்லாமல், ஒரு டிரம்ஸ்காரரோடு வாசிக்கிற மாதிரி சாதகம் செய்யலாம். இரண்டிலும் சுருதி பார்க்கும் கருவி உண்டு. இரண்டும் பென்சில் பாட்டரி நான்கில் ஓடும்.

பையனின் மனசு பெரிய பெட்டிமேல். அவன் பணத்துக்குள் அடங்கியது சின்னப் பெட்டி. "மாமா, நீங்கள் கொஞ்சம் போட்டால்..." என்று ஆரம்பித்தான். போட்டிருக்கலாம். பெரிய பெட்டி மட்டமானதென்று யாரும் சொல்லமுடியாது. வீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பதிவு செய்கிறவன் எவனாவது என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஆனால் இவனுக்கு ஆவணிக்குள் வேண்டியது மூன்றே சங்கதிகள்: நடுச் சப்தம், கலந்த கரகரப்பு, கம்ப்ரஸர். இந்த மூன்றாவது, பலமாக மீட்டிய ஸ்வரத்தை அடக்கி, இளைத்த ஸ்வரத்தைத் தூக்கி, எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிறுத்துகிற காரியம். கல்யாணக் கச்சேரியில் மூன்றாவது மணி நேரம் விரல் ஓய்ந்துபோகும்போது அதன் அருமை தெரியும். மூன்றும் சின்னப் பெட்டியில் இருக்கின்றன. தவிர, அவன் சம்பாதித்த பணத்துக்குள்ளேயே காரியம் முடிந்தது என்பது குழுத் தலைவர் முன்னால் நிற்கும்போது அவன் முதுகுக்கு ஒரு பலம். இதை அவனிடம் சொல்லவில்லை. "மீதிப் பணத்தில் நல்ல கம்பி ஒன்றும் அடாப்டரும் வாங்கிக்கொள்" என்று மட்டும் சொன்னேன்.

அடாப்டர் விஷயம் சின்னதுதான். ஆனால் பெட்டியின் உயிர் அதில் இருக்கிறது. இந்தப் பெட்டிகளில் அநேகத்துக்கு 9 வோல்ட், நடு முனையில் நெகட்டிவ். வீட்டில் இன்டர்நெட் பெட்டிக்கு வைத்திருக்கும் அடாப்டரில் பெரும்பாலும் நடு முனை பாஸிட்டிவ். துவாரம் ஒன்றே மாதிரி இருக்கிறதே என்று மாற்றிச் செருகினால் பெட்டி புகைந்துவிடக்கூடும். பெட்டியின் முதுகில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செருகவேண்டும்.

மதுரைக்குப் போனதும் அவன் செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்திருந்தது. கம்பெனியார் போட்டுக் கொடுத்த சப்தங்கள் ஒன்று குசுகுசுக்கும், அடுத்தது அலறும். மேடையில் தவறி மிதித்தால் மணமகள் எழுந்து ஓடிவிடுவாள். பையன் அவற்றை ஒதுக்கிவிட்டு, தானே இரண்டு சப்தங்கள் செய்து அடுத்தடுத்த இடங்களில் வைத்து, இரண்டின் அளவையும் சமமாக்கிக்கொண்டான். ஒன்று மெலடிப் பாட்டுக்கு. ஒன்று குத்துப் பாட்டுக்கு. சவுண்டு சர்வீஸ்காரரிடம் சொல்லி, நீளமான கம்பியில் இரைச்சல் ஏறாமலிருக்க டிஐ பெட்டி ஒன்றையும் நடுவில் வைக்கச் செய்திருக்கிறான். தண்ணீர்ச் சப்தத்தையும் எங்கோ கடைசி இடத்தில் ஒளித்து வைத்திருப்பதாகக் கேள்வி. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆவணி வந்தது. நான்கு முகூர்த்தங்களில் மூன்றுக்குக் கூப்பிட்டார்கள். நான்காவதற்கு, மேடை சின்னது என்று தலைவர் சொல்லிவிட்டார். அன்றைக்கு இடது கைதான் வாசித்தது. மூன்றாவது கச்சேரியில் மாப்பிள்ளையின் தோழன் ஒருவன் மேடைக்கு வந்து, பையன் கையில் இருப்பது என்ன வாத்தியம் என்று விசாரித்தானாம். இதை எனக்குச் சொல்லுவதற்கென்றே ராத்திரி ஒரு மணிக்கு டெலிபோன் வந்தது. ஐப்பசிக்கு என்ன என்று தலைவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் வேறொரு டெலிபோன். ஐந்து தந்தி பேஸ் என்று ஒன்று இருக்கிறதாம். இன்னொரு தந்தி கீழே இறங்கி 31 அதிர்வு வரையில் போகிறதாம். அதைப் பற்றி என் அபிப்பிராயம் என்ன என்று கேட்கிறான். அக்காவின் காதில் இது இன்னும் விழவில்லை.